காராசேவுப் பொட்டலத்து நட்சத்திரம்

நம் பழைய மாணவர் விழா மலருக்குப் பள்ளிக்கால நினைவாக ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், படிக்கிறவர்கள் மனம் மகிழும்படி இருக்க வேண்டும் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தீர்கள். என்னால் ஒரு பக்கத்துக்குள் நிற்க முடியவில்லை. யார் மனமும் மகிழும் என்று உறுதியும் தர முடியாது. அறுபதைத் தாண்டிய பிறகாவது இவள் வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்திருந்தால், எட்டாம் வகுப்பில் என்னோடு படித்தவர்கள் நீங்கள்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

குழுவில் இன்னமும் என்னைக் காராசேவு என்றுதான் கூப்பிடுகிறீர்கள். பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. அது எப்படி வந்தது என்று உங்களில் பாதிப் பேருக்கு மறந்திருக்கும். மீதிப் பேருக்குத் தப்பாக ஞாபகம் இருக்கும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அது புளி சீசன். மாசி பிறந்தால் நம் ஊர்ப் பக்கம் வெயிலுக்கு முன்னால் புளி வாசம் வந்துவிடும். பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் பின்னால் இருந்த மண்டியில் அம்மா புளி உடைக்கப் போவாள். சனி, ஞாயிறு நானும் கூடப் போவேன். ஓட்டைத் தட்டி உடைத்து, நாரை உருவி, கொட்டையை எடுக்க வேண்டும். காலடியில் ஓடு நொறுங்கும். தூசி தொண்டையைக் கரகரக்க வைக்கும். நகக்கண்ணில் ஏறின கறுப்பு பங்குனி முடிந்தும் போகாது. அந்தக் கையோடு பள்ளிக்கூடம் வந்தால், பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைச் சுளிப்பாள். அவளும் இப்போது குழுவில் இருக்கிறாள். பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்புகிறவள் அவள்தான்.

மண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் குடிக்கவோ சாப்பிடவோ எழுந்து போகிறவள், தான் உடைத்த குவியல் மேல் ஓர் அடையாளத்தை வைத்துவிட்டுத்தான் போவாள். ஒருத்தி வேப்பங்குச்சி வைப்பாள், இன்னொருத்தி முடிந்த நூல் வைப்பாள். அம்மா வைப்பது உடைந்த பச்சை வளையல் துண்டு. புளி எல்லாம் ஒரே புளிதான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் அடையாளம் இருக்கிற குவியலை யாரும் தன் பக்கம் தள்ளிக்கொள்ள மாட்டார்கள். தள்ளினால் அன்றைக்கு மண்டி இரண்டுபடும்.

பேச்சுக்கும் அங்கே அப்படித்தான். யாராவது ஒரு சேதி சொன்னால், கை நிற்காமலே ஒரு கேள்வி வரும். "யாரு சொன்னா? நீயே பாத்தியா, கேட்டியா?" கேட்டதைப் பார்த்ததாகச் சொல்லி மாட்டிக்கொண்டவள் அந்த வாரம் முழுக்க வாயே திறக்க முடியாது. இந்தக் கேள்விக்கு நடுவில் வளர்ந்தவள் நான். இதுதான் பள்ளிக்கூடத்தில் எனக்கு வினையாக வந்தது.

நம் பள்ளிக்கூடத்தில் எழுத்து எப்படி இருந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நோட்ஸில் இருக்கிற பதிலை ஒரு சொல் பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண். சொந்தமாக ஒரு வரி எழுதினால் சிவப்பு மையில் ஒரு சுழி. "சொந்தச் சரக்கு வேணாம் புள்ள" என்பார் தமிழாசிரியர். வகுப்புத் தலைவன் இதில் மன்னன். ஒரு பரீட்சையில், விடைத்தாளில் படமே வரையாமல் 'மேலே உள்ள படத்தைப் பார்க்க' என்று எழுதிவைத்தான். நோட்ஸில் அப்படி இருந்தது, அவனும் அப்படியே எழுதினான். அதற்கும் சரி போட்டார் ஆசிரியர். சிரிக்காதீர்கள், உங்களில் பலர் அவனைப் பார்த்துத்தான் எழுதினீர்கள்.

அந்தப் பங்குனியில் தருமபுரியில் மாவட்ட அளவில் கட்டுரைப் போட்டி வந்தது. பள்ளிக்கு ஒருவர். மரமும் மனிதரும் என்பது தலைப்பு. வகுப்பில் எல்லோரும் எழுதித் தாருங்கள், நல்லதாக ஒன்றை எடுத்து, எழுதினவரையே கூட்டிப்போகிறேன் என்றார் ஆசிரியர். எனக்குப் போக வேண்டும். தருமபுரி பஸ் ஸ்டாண்டைக்கூட அதுவரை நான் பார்த்ததில்லை. தவிர, இந்தத் தலைப்பு நோட்ஸில் இல்லை. நோட்ஸில் இல்லாத ஒன்று வந்ததும் எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

மண்டியில் கேட்டதையெல்லாம் எழுதினேன். ஓட்டுக்குள் பழம் கலகலவென்று ஆடினால்தான் மரத்தை உலுக்க வேண்டும் என்று கன்னடக்கார அக்கா சொன்னது. ஒரு வருஷம் கொட்டிக் காய்த்த மரம் மறு வருஷம் களைத்துக் கிடக்கும், அதைத் திட்டக் கூடாது என்று மரம் உலுக்குகிற மாமா சொன்னது. கடைசியாக அம்மா சொன்னது. ஒருநாள் கொட்டையை எடுத்தபடியே, யாரிடம் என்றில்லாமல் பேசினாள். நான் அதை அப்படியே எழுதினேன். 'மரம் ஒருத்தருக்குச் சொந்தம், உலுக்குகிறவர் ஒருத்தர், உடைக்கிறவர் ஒருத்தர், புளி கரைக்கிற கைக்கு இவர்கள் யாரையும் தெரியாது.'

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் எல்லாம் நானே சொன்ன மாதிரி இருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்தவள் குவியலை, அடையாளத்தை எடுத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி உறுத்தியது. அப்போதுதான் சந்தையில் அம்மா வாங்கித் தந்த காராசேவுப் பொட்டலத்தின் காகிதம் ஞாபகம் வந்தது. ஏதோ பழைய புத்தகத்திலிருந்து கிழித்த தாள், எண்ணெய் ஊறி அந்தப் பக்கத்து எழுத்தும் இந்தப் பக்கம் தெரிந்தது. வரியின் முடிவில் குட்டியாக ஒரு நட்சத்திரம். கீழே கோடு கிழித்து, அதன் அடியில் அதே நட்சத்திரம் போட்டு, இது இன்னார் சொன்னது என்று இருந்தது. அச்சுப் புத்தகத்திலும் வளையல் துண்டு வைக்கிறார்கள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நானும் மூன்று இடத்தில் நட்சத்திரம் போட்டேன். முதலாவதற்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. கீழே கோடு கிழித்து மூவர் பெயரையும் எழுதினேன். கன்னடக்கார அக்கா பெயருக்குப் பக்கத்தில், 'கன்னடத்தில் சொன்னார், தமிழில் எழுதியது நான்' என்று சேர்த்தேன். அந்த வயதில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது நினைத்தாலும் கர்வமாகத்தான் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

கட்டுரையைப் படித்த ஆசிரியர் என்னை எழுப்பி நிறுத்தினார். கையில் சிவப்புப் பேனா. எந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டார். பார்த்து எழுதவில்லை என்றேன். அவர் தாளைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார்.

"இந்த நட்சத்திரம், அடியில கோடு, இதெல்லாம் அச்சுப் பொஸ்தகத்துலதான் வரும். ஒனக்கு எங்கருந்து வந்துச்சு?"

"காராசேவு கட்டின பேப்பர்லருந்துங்க சார்."

நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டார், நட்சத்திரத்தைப் பற்றி உண்மையைச் சொன்னேன். ஆனால் உங்கள் சிரிப்பில் அதற்கு மேல் என் பேச்சு கேட்கவில்லை. காகிதத்திலிருந்து எடுத்ததாக அவளே ஒப்புக்கொண்டாள் என்று முடிந்துபோனது. இதை யாரிடமிருந்து எடுத்தேன் என்று கீழே எழுதியிருந்தேனே, அதுவே நான் திருடினதற்குச் சாட்சி ஆகிவிட்டது. யார் பெயரையும் போடாமல் எல்லாம் என் சொந்தம் என்று எழுதியிருந்தால், என்னைக் கைதட்டித் தருமபுரிக்கு அனுப்பியிருப்பார். இதைவிடக் கேலிக்கூத்து வேறு இருக்கிறதா?

பார்த்து எழுதினேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் வகுப்பில் உட்காரலாம், இல்லாவிட்டால் வெளியே நில் என்றார். ஒரு வெள்ளைத் தாளையும் நீட்டினார். நான் எழுதினேன். 'பார்த்து எழுதவில்லை. கேட்டு எழுதினேன். யாரிடம் கேட்டேன் என்பதையும் எழுதினேன்.' கையெழுத்தும் போட்டேன். கிழித்துப் போட்டார். மறுநாள் இன்னொரு தாள் தந்தார், நான் அதையே எழுதினேன். அப்புறம் தாள் தருவதையும் நிறுத்திவிட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்டேன். நீங்கள் உள்ளே இருந்து காராசேவு, காராசேவு என்று முணுமுணுத்ததையும் கேட்டேன்.

விஷயம் அம்மா காதுக்குப் போனது. டி.சி. கொடுத்துவிடுவார்கள், படிப்பு நின்றுவிடும், அப்புறம் காலத்துக்கும் புளிதான் என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மண்டியில் வைத்தே கெஞ்சினாள்.

"ஒரு வரிதான கண்ணு, எழுதிக் குடுத்துடு. எழுதுனா கையா தேஞ்சிடும்?"

நீ சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன், அடியில் உன் பெயரைப் போட்டிருக்கிறேன், அதைப் பொய் என்று எப்படி எழுதுவேன் என்று கேட்டேன். அம்மாவின் கை நின்றுவிட்டது. வேலை நேரத்தில் அந்தக் கை நின்று நான் பார்த்ததில்லை. எதற்கு என் பெயரைப் போட்டாய் என்றாள். நீதானே சொன்னாய் என்றேன். எப்படிப் போட்டாய் என்றாள். தரையில் படிந்திருந்த புளித் தூசியில் விரலால் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று உள்ளங்கையால் தானே அழித்தாள். பிறகு, எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் வந்தாள். புடவைத் தலைப்பெல்லாம் புளி நார். நானும் ஜன்னல் பக்கமிருந்து நகர்ந்து அருகில் போய் நின்றேன்.

"நாஞ் சொன்னதத்தாங்க சார் அது எழுதியிருக்குது."

"ஒனக்கு இப்பிடியெல்லாம் பேச வருமா?"

"பேசறதுக்கு என்னாங்க சார், வாய் இருக்குதுங்க."

ஆசிரியர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, நம்பாத சிரிப்பு. இந்தக் கைக்கும் அந்த வரிக்கும் அவரால் முடிச்சுப் போட முடியவில்லை. புளி உடைக்கிறவள் அப்படி ஒரு வார்த்தை சொல்வாளா, அது அச்சில்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிட்டார். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை, அவருக்கு என் மேல் கோபம் என்றே நினைத்தேன். ஆனாலும் முழுப் பரீட்சை வருகிறது என்று என்னை வகுப்புக்குள் விட்டார். போட்டிக்கு மட்டும் கூடாது என்றார்.

போட்டிக்கு வகுப்புத் தலைவன் போனான், கேடயத்தோடு வந்தான். காலை வணக்கக் கூட்டத்தில் அவனை மேடையேற்றிக் கட்டுரையைப் படிக்கச் சொன்னார்கள். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கட்டுரை. கலகலவென்று ஆடும் பழம், களைத்த மரம், புளி கரைக்கிற கை. கீழே இருந்த பெயர்கள் மட்டும் இல்லை. கடைசி வரிக்கு நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள், தலைமையாசிரியர் அதை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்.

நான் நேரே ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"அது பொஸ்தகத்துல உள்ளதுதான புள்ள. யாரு எழுதுனா என்னா? நல்லது வீணாவக் கூடாதுன்னு அவன எழுதச் சொன்னேன்."

பார்த்து எழுதினேன் என்று என்னை வெளியே நிறுத்தினவர், அதையே இன்னொருவனை விட்டுப் பார்த்து எழுத வைத்திருக்கிறார். அதில் ஒரு தப்பும் அவருக்குத் தெரியவில்லை. அச்சில் வந்துவிட்டால் அது ஊர்ப் பொதுக் கிணறு, யார் வேண்டுமானாலும் இறைக்கலாம் என்பதுதான் நம் பள்ளிக்கூடத்துச் சட்டம். அவரும் அப்படிப் படித்து வந்தவர்தான். இது இன்றைக்கு எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதால் சரி என்று சொல்ல முடியாது.

நான் பிறகு என்ன ஆனேன் என்று உங்களுக்குத் தெரியும். தருமபுரியில் ஒரு கல்லூரிக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை போட்டேன். போன வருஷ அண்ணனுடைய ப்ராஜெக்டைக் கொண்டுவந்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுங்கள் ஆன்ட்டி என்பார்கள் பிள்ளைகள். நன்றியுரையில் அந்த அண்ணனின் அப்பா அம்மாவுக்கு நன்றி அப்படியே இருக்கும். இது யாருப்பா உங்கள் அப்பாவா என்று கேட்டால் முழிப்பார்கள். அப்படிப்பட்டதை நான் அடித்துத் தர மாட்டேன், பக்கத்துக் கடைக்குப் போ என்பேன். போனார்கள். பக்கத்துக் கடை மாடி கட்டியது.

இப்போது கல்லூரியிலேயே ஒரு மென்பொருள் வந்துவிட்டது. எத்தனை சதவீதம் காப்பி என்று அது சொல்கிறது. பிள்ளைகள் அதற்குப் பயந்து, அடுத்தவர் வரியில் இருக்கிற சொல்லை மாற்றி வேறு சொல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். சொல்லை மாற்றினால் திருட்டு மாறிவிடுமா? ஒரு பெண் அழாத குறையாக நின்றாள். மாற்ற வேண்டாம் கண்ணு, அவர் எழுதினதை அப்படியே போட்டு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி வை, எந்தப் புத்தகம், யார் எழுதியது, எந்தப் பக்கம் என்று கீழே போடு, சொந்த வார்த்தையில் எழுதினாலும் யோசனை அவருடையது என்றால் அவர் பெயர் வர வேண்டும் என்றேன். அவ்வளவுதானா ஆன்ட்டி என்றாள். அவ்வளவுதான். போன் எழுதித் தந்தது என்றால் போன் எழுதித் தந்தது என்று போட்டுவிட வேண்டியதுதான். அதைச் செய்யத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

இப்போது மலருக்கு வருகிறேன். அச்சுக்குப் போகும் முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போன வாரம் மலரின் பி.டி.எஃப். குழுவில் வந்தது. பள்ளியின் பெருமை என்று தலைப்புப் போட்டு அந்தக் கட்டுரை, வகுப்புத் தலைவனின் பெயரோடு, அன்றைக்குப் பள்ளி ஆண்டு மலரில் வந்தபடியே. அந்த ஆண்டு மலரைக் காசு கொடுத்து வாங்க எங்களால் முடியவில்லை. அதனால் என் கட்டுரையை அச்சில் நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. பெரிதாக்கி, பெரிதாக்கிப் படித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

'புளி கரைக்கிற கைக்கு இவர்கள் யாரையும் தெரியாது' என்ற வரியின் முடிவில் மூன்று குட்டி நட்சத்திரங்கள் இருந்தன.

என் தாளை அவனிடம் கொடுக்கும் முன் ஆசிரியர் சிவப்பு மையில் கீழே இருந்த பெயர்களை அடித்திருப்பார், மேலே இரண்டு இடத்து நட்சத்திரங்களை அடித்திருப்பார், மூன்றாவது இடம் அவர் கண்ணில் பட்டிருக்காது. நம் தலைவன் எப்படிப்பட்டவன்? படத்தைப் பார்க்க என்பதையே படம் இல்லாமல் எழுதினவன். நட்சத்திரத்தை விடுவானா? பார்த்ததை அப்படியே எழுதினான். அச்சுக் கோத்தவர் அப்படியே கோத்தார். இத்தனை வருஷமாக அது அங்கேயே நிற்கிறது, கீழே ஒன்றும் இல்லாமல்.

அவனுக்கு போன் போட்டேன். பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன், மரியாதையாகத்தான் பேசினான். சார் எழுதச் சொன்னார், எழுதினேன், எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை என்றான். உண்மைதான், அவன் கேட்கவில்லை. அந்த நட்சத்திரம் அச்சுப் பிழை, எடுத்துவிடச் சொல்கிறேன் என்றான். எடுத்தால் நடப்பது வேறு என்றேன். உனக்கு நன்றி என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்றான். நன்றி வேண்டாம், யார் சொன்னது, யார் எழுதியது என்று போடு என்றேன்.

"சாரு விழாவுக்கு வர்றாரும்மா. வயசாயிடுச்சு. இதப் படிச்சா அவரு மனசு நோவும்."

"எங்கம்மா செத்தே போயிட்டாங்க."

குழுவில் சிலர், பழசை எதற்குக் கிளற வேண்டும், சின்ன வயதில் நடந்தது என்று போட்டிருந்தீர்கள். சின்ன வயதில் நடந்ததைச் சொல்லத்தானே மலர் போடுகிறீர்கள்? ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்துங்கள், நானும் வந்து கைதட்டுகிறேன். தாளில் ஓரம் விட்டு எழுதக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். மன்னித்துவிட்டாயா என்று மட்டும் யாரும் என்னைக் கேட்காதீர்கள். அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

அந்தக் கட்டுரையை எடுக்கச் சொல்ல மாட்டேன். கேடயத்தையும் அவனே வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பக்கத்தில் என்ன பெயர் போடுவது என்பது மலர்க் குழுவின் கையில். ஆனால் இந்தப் பக்கம் எனக்குக் கொடுத்தது. நட்சத்திரங்கள் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும், அதில் யாரும் கை வைக்காதீர்கள். அதற்குக் கீழே வர வேண்டியதை நான் இங்கே போடுகிறேன். இதில் ஒரு எழுத்துக் குறைந்தாலும், விழா மேடையில் ஏறி மைக்கைப் பிடித்து நானே படிப்பேன். காராசேவு செய்வாளா மாட்டாளா என்று உங்களுக்கே தெரியும்.

_____

\* கெம்பம்மா, புளி உடைப்பவர். கன்னடத்தில் சொன்னார், தமிழில் எழுதியது நான்.

\*\* முனுசாமி, மரம் உலுக்குபவர்.

\*\*\* மாதம்மாள், புளி உடைப்பவர், பாப்பாரப்பட்டி. சொன்னது அவர். கேட்டு எழுதியது நான், அவர் மகள்.